வினாடி ஊசல் கையில் இருக்க, மீட்டருக்காக ஏன் பூமியை அளந்தார்கள்?

அலைவு:
ஒரு பக்கம் போய்ச் சேர ஒரு வினாடி எடுக்கும் ஊசலின் நீளம் ஏறத்தாழ 99.4 செ.மீ. மீட்டருக்கு 6 மி.மீ.தான் குறைவு. 1790-இல் அரசியல்வாதி தலேரான் பிரெஞ்சு தேசிய சபையில் முன்வைத்த திட்டமும் இதேதான். மறு ஆண்டே அதை விட்டுவிட்டு, துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கே மீட்டர் என்று வைத்து, வட பிரான்சின் டன்கர்க் முதல் பார்சிலோனா வரை அளக்க முடிவெடுத்தது ஏன்? நூல், குண்டு, கடிகாரம் போதாதா? புவியீர்ப்பு முடுக்கம் 9.81, பையின் வர்க்கம் 9.87 என்று இரண்டும் ஒட்டி வருவது தற்செயலா?

குண்டுநூல்:
போதாது. முதல் சிக்கல் இடம். வினாடி ஊசல் நிலநடுக்கோட்டில் 99.1 செ.மீ., துருவத்தில் 99.6. கடிகார ஊசலைச் சுமார் 2.8 மி.மீ. குறைத்தால்தான் தென் அமெரிக்காவின் கயேனில் நேரம் சரியாக ஓடும் என்பதை பிரெஞ்சு வானியலாளர் ரிஷே 1672-லேயே கண்டுவிட்டார். அதனால்தான் தலேரான் 45 பாகை அட்சரேகை என்று குறித்துச் சொன்னார்.

அடுத்தது செய்முறை. வீச்சு (நடுவிலிருந்து ஒரு பக்கம் விலகும் கோணம்) 10 பாகை என்றால் அலைவுக் காலம் 0.19% கூடும். கவனிக்காமல் விட்டால் நீளத்தில் கிட்டத்தட்ட 4 மி.மீ. பிழை. குண்டின் மையம் வரை அளந்தாலும் முடியாது: 2 செ.மீ. ஆரமுள்ள குண்டுக்கு இன்னும் 0.16 மி.மீ. சேர்க்க வேண்டும். பித்தளைக் கம்பியானால் 10 டிகிரி வெப்பத்துக்கு 0.19 மி.மீ. நீளும்.

ஆனால் இவையெல்லாம் திருத்தக்கூடியவை. 1792-இல் பிரெஞ்சு அறிவியலாளர்கள் போர்தாவும் கசினியும் பாரிஸில் பிளாட்டினக் குண்டை 12 அடி இரும்புக் கம்பியில் தொங்கவிட்டு, பின்னாலிருந்த கடிகார ஊசலோடு எப்போதெல்லாம் ஒன்றுகிறது என்று பார்த்து, மிக நுட்பமாகவே அளந்தார்கள். 1791-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் குழு ஊசலைத் தள்ளியது வேறு காரணத்துக்காக. நீளத்தின் அலகு வினாடியை நம்பியிருக்கக் கூடாது என்றார்கள். நாளை 86,400-ஆக வெட்டியது மனிதன் வைத்த கணக்குதானே? போர்தாவின் கோணக் கருவிக்கு வேலை தேடித்தான் இப்படி முடிவெடுத்தார்கள் என்ற கிண்டலும் உண்டு.

முக்கோணம்:
அந்தக் கருவியின் சூட்சுமம் எளிது. ஒரே கோணத்தை வட்டத்தில் திரும்பத் திரும்ப அடுக்கி, கடைசியில் ஒருமுறை மட்டும் படித்து, தடவைகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். படிக்கும் பிழையும் கூடவே வகுபடும்.

டன்கர்க்–பார்சிலோனாவைத் தேர்ந்தது, இரு முனையும் கடல் மட்டத்தில், 45 பாகைக்கு இருபுறமும் இருப்பதால். இடைவெளி ஏறத்தாழ 9⅔ பாகை. இடையே நூற்றுக்கு மேற்பட்ட முக்கோணங்கள்; அவற்றின் கோணங்களை அளந்து தூரத்தைக் கணக்கிட்டார்கள். தரையில் கோல் வைத்து அளந்தது மெலுன், பெர்பிஞ்ஞான் அடிக்கோடுகளை மட்டுமே. ஒவ்வொன்றும் 12 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. பிளாட்டினக் கோல் மேல் செம்புக் கோல் பொருத்தி, இரண்டும் விரிவதில் உள்ள வித்தியாசத்தைக் கொண்டே வெப்பத் திருத்தம் செய்தார்கள். மெலுனிலிருந்து கணக்கிட்டு வந்த பெர்பிஞ்ஞான் நீளம், நேரில் அளந்ததோடு ஓர் அடியளவே வேறுபட்டது!

கோட்டைவிட்டது பூமியின் தட்டைத்தன்மையில், அதாவது துருவங்களில் அது எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதில். 1/334 என்று எடுத்தார்கள். உண்மை சுமார் 1/298. துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை 10,000 கி.மீ. இல்லை, ஏறத்தாழ 10,002. மீட்டர் 0.2 மி.மீ. குட்டை.

அலைவு:
தெற்குப் பகுதியை அளந்த மெஷேன் பார்சிலோனாவில் எடுத்த அட்சரேகை அளவு பிசகியதால்தான் குட்டை என்று படித்திருந்தேனே?

முக்கோணம்:
அவரது இரண்டு இடங்களின் அளவுகளுக்கு இடையே 3 விகலைக்குச் (ஒரு விகலை பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) சற்று மேல் முரண். தரையில் அது சுமார் 100 மீட்டர். முழுவதையும் அப்படியே 1,075 கி.மீ. வில்லின் மேல் ஏற்றினாலும் மீட்டருக்கு 0.1 மி.மீ.தான். 0.2-ஐ அது விளக்காது.

குண்டுநூல்:
பை வர்க்கக் கேள்வி விடுபட்டுவிட்டது. வினாடி ஊசலின் நீளத்தைப் பையின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவதே புவியீர்ப்பு முடுக்கம். வினாடி ஊசல் சரியாக 1 மீட்டராக இருந்திருந்தால் முடுக்கமும் சரியாகப் பையின் வர்க்கமாகவே இருக்கும். தீர்க்கக்கோட்டின் கால் பகுதியைக் கோடியால் வகுத்தபோது அந்த நீளத்துக்கு இவ்வளவு அருகில் வந்தது பூமியின் பருமனால் நேர்ந்த தற்செயல்.

பழைய ஆவணங்களைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லீன், துவாஸ் இரண்டும் பழைய பிரெஞ்சு நீள அலகுகள். 1793-இன் தற்காலிக மீட்டர் 443.44 லீன், 1799-இல் முடிவானது 443.296 லீன். வித்தியாசம் 0.32 மி.மீ. ஒரு துவாஸ் 864 லீன், ஆகவே 1.94904 மீட்டர். பெரு துவாஸ் எனப்பட்ட அளவுகோல் 16¼ டிகிரி செல்சியஸுக்கு உரியது, பிளாட்டின மீட்டரோ 0 டிகிரிக்கு. இதை மறந்து இரண்டையும் ஒரே அறையில் ஒப்பிட்டால் கணக்கு இடிக்கும்.