கோழிக் கொத்துக்கறி சட்டியில் குளமாகிறது: வார நாள் இரவுச் சமையலுக்கு வழி உண்டா?

கழுதுருட்டி மலையோரம் (கேள்வி)

வணக்கம். வீடு கழுதுருட்டியில், வேலை புனலூரில். மாலை பஸ் தென்மலையைத் தாண்டி மேலே ஏறி என்னை இறக்கிவிடும்போது ஏழரை ஆகிவிடும். பிள்ளைகள் ஒன்பதுக்குள் சாப்பிட்டுப் படுக்க வேண்டும். மழை பிடித்துவிட்டால் மின்சாரம் போய்விடும். மிக்ஸியை நம்பி எதையும் தொடங்க முடியாது. எலும்போடு கூடிய கறி வேக நேரம் எடுக்கிறது என்று கோழியைக் கொத்துக்கறியாக வாங்க ஆரம்பித்தேன். ஒரே சட்டி, அரை மணி நேரம், இதுதான் திட்டம்.

திட்டத்தில் குறையில்லை. கறிதான் சரியாக வர மறுக்கிறது. ஞாயிறன்று புனலூரில் ஒரு கடையில் இயந்திரத்தில் அரைத்த கறி அரைக் கிலோ வாங்குகிறேன். ஃபிரிட்ஜில் வைத்துப் புதனன்று எடுக்கிறேன். வடிதட்டில் போட்டு நன்றாகக் கழுவி, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு எல்லாம் சேர்த்துப் பிசைந்து ஊறவைக்கிறேன். பிறகு வெங்காயமும் தக்காளியும் வதங்கிக்கொண்டிருக்கும் சட்டியில் கொட்டுகிறேன். இரண்டு நிமிடத்தில் சட்டி நிறையத் தண்ணீர். அது வற்றும்வரை கிளறினால் கறி வெளிறிப்போய், கட்டி கட்டியாகத் திரண்டு, பல்லில் எகிறுகிறது. சுற்றிலும் ரப்பர் தோட்டம், மூத்தவன் தட்டைப் பார்த்துவிட்டு "இதுவும் நம் ஊர் விளைச்சலா?" என்று கேட்கிறான்.

செங்கோட்டையில் இருக்கும் என் அம்மா, "கோழியை யாராவது கொத்துக்கறி போடுவார்களா? அது ஆட்டுக்கு உள்ளது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். என்னிடம் கனமான இரும்புச் சட்டி ஒன்றும் நான்ஸ்டிக் சட்டி ஒன்றும் இருக்கின்றன. அடுப்பில் ஒரு பர்னரைச் சோறு பிடித்துக்கொள்ளும். வழி சொல்லுங்கள்.

தென்காசி ரதவீதி

அக்கா, எதற்கு இவ்வளவு பாடு? குக்கரில் போட்டு இரண்டு விசில் விடுங்கள். பிறகு திறந்துவைத்து வற்றவிட்டால் போதும். நாங்கள் விடுதியில் அப்படித்தான் செய்கிறோம்.

பிரானூர் கறிக்கடை

குக்கர் சொன்ன தம்பிக்கு முதலில் பதில். எலும்பும் ஜவ்வும் உள்ள கறி இளகத்தான் குக்கர். கொத்துக்கறியில் இளக வேண்டியது ஒன்றுமில்லை. கத்தியே அந்த வேலையைச் செய்துவிட்டது. ஏற்கெனவே தண்ணீரில் மூழ்கித் தவிக்கும் கறிக்கு நீராவிக் குளியலும் எதற்கு?

தங்கச்சி, நீங்கள் எழுதியதில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது வடிதட்டு. கொத்துக்கறியைக் கழுவவே கூடாது. கொத்திய கறியில் எல்லாப் பக்கமும் அறுபட்ட முகம்தான். காட்டும் தண்ணீரை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். பிழிந்தாலும் விடாது. சூடு பட்டதும் மொத்தத்தையும் சட்டியில் கக்கும். கழுவ வேண்டுமென்றால் துண்டமாக இருக்கும்போதே கழுவி, வடியவிட்டு, சுத்தமான துணியால் ஒற்றியெடுத்துவிட்டுக் கொத்தச் சொல்லுங்கள்.

அடுத்தது இயந்திரம். இயந்திரத்தைக் குறை சொல்லவில்லை; அரைப்பதற்கு முன் கறி நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், தகடு கூராக இருக்க வேண்டும். ஞாயிறு காலைக் கூட்டத்தில் அதைப் பார்க்க யாருக்கு நேரம்? மழுங்கிய தகடு கறியை நறுக்காது, நசுக்கும். கூழாக வெளியே வரும். என் கடையில் இயந்திரம் இல்லை. புளியமரக் கட்டையில் வைத்துக் கத்தியால்தான் கொத்துகிறோம். முதலில் நாரின் குறுக்கே மெல்லிய துண்டுகள், பிறகு கட்டையைச் சுற்றி வந்து கொத்து, மடித்துப் போட்டு மறுபடியும் கொத்து. கடலைப்பருப்பு அளவு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் கொத்தினால் கத்தியில் பிசுபிசுவென்று ஒட்ட ஆரம்பிக்கும். அந்த ஒட்டல்தான் உங்கள் சட்டியில் கட்டியாகத் திரள்கிறது.

எந்த இடத்துக் கறி என்பதும் முக்கியம். நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு, ஒரு நிமிடம் கூடுதலாக நின்றால் மரத்தூள். தொடைக்கறி கேளுங்கள். தொடை இரண்டு பங்கு, நெஞ்சு ஒரு பங்கு என்று கலந்தாலும் சரி. கோழிக்கு விலை வைக்கிற பல்லடத்தில் விலை ஏறினாலும் இறங்கினாலும், எலும்பு நீக்கித் தரச் சொன்னால் எடைக்குறைவைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அந்த எலும்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் மிளகு ரசத்துக்கு ஆகும்.

இனி சட்டி. இரும்புச் சட்டியை மிதமான தீயில் நாலைந்து நிமிடம் வெறுமனே காயவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் படிந்து கொதிக்கக் கூடாது, உருண்டு ஓட வேண்டும். ஈரம் முழுவதும் போனபின் எண்ணெய். எண்ணெய் காய்ந்ததும் கறியை மட்டும் போட்டு, அகப்பையால் அடை தட்டுவதுபோல் பரப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். கிளறாதீர்கள். முதலில் சொய்யென்று இரையும், அப்புறம் தண்ணீர் விட்டுக் களகளவென்று கொதிக்கும். பயப்பட வேண்டாம். அது அடங்கிப் படபடவென்று எண்ணெய் தெறிக்கும் சத்தம் திரும்ப வரும்போது, ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். அடிப்பக்கம் செம்பழுப்பாக இருந்தால் துண்டு துண்டாகத் திருப்பிப்போட்டு, மறுபக்கமும் கொஞ்சம் சிவந்தபின் உதிருங்கள். அரைக் கிலோவுக்குச் சட்டி சிறியது என்றால் இரண்டு தடவையாகப் போடுங்கள். குவித்துப் போட்டால் வேகும், வறுபடாது.

செங்கோட்டைக் கீழபஜார் அத்தை

கறிக்கடைக்காரர் சொன்னது அத்தனையும் சரி. உப்பை மறந்துவிட்டார், அதுதான் ஆண்பிள்ளைச் சமையல்.

மருமகளே, கொத்திய கறியில் உப்பு போட்டுப் பிசைந்தால் பசைபோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கோலா உருண்டைக்கும் கட்லெட்டுக்கும் அந்த ஒட்டல் வேண்டும். உதிரியாக வேண்டுகிற நாளில் உப்பு கறியில் படவே கூடாது; சிவந்து உதிர்ந்தபின் போடு. ஊறவைக்கவும் வேண்டாம். இவ்வளவு பொடியாக இருக்கும் கறியில் மசாலா எங்கே ஊற வேண்டும்? சட்டியிலேயே பிடித்துக்கொள்ளும்.

நான் செய்வது இப்படி. கறி சிவந்ததும் சட்டியின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, நடுவில் இன்னும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரில் இருந்த ஊர்; ஊர் இந்தப் பக்கம் வந்துவிட்டது, அடுக்களை எண்ணெய் வரவில்லை. செக்கு எண்ணெய் சீக்கிரம் புகையும், தீயைக் கொஞ்சம் தணித்துக்கொள். அதில் அரைத் தேக்கரண்டி பெருஞ்சீரகம், இரண்டு கொத்துக் கறிவேப்பிலை, நீளமாகக் கீறிய தேங்காய்ச் சில்லு ஒரு பிடி. சில்லின் ஓரம் பொன்னிறமானதும் ஒரு கை நிறையச் சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போடு. பூண்டு ஆறு பல், விரல்நுனியளவு இஞ்சி, இரண்டையும் அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாகத் தட்டினால் போதும், மிக்ஸியும் மின்சாரமும் வேண்டாம். பச்சை வாடை போனதும் மஞ்சள் கால் தேக்கரண்டி, மல்லித்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு. எல்லாவற்றையும் கறியோடு சேர்த்துப் பிரட்டி, கால் டம்ளருக்கும் குறைவாக வெந்நீர் தெளித்து மூன்று நான்கு நிமிடம் மூடிவை. திறந்து வற்றவிட்டு, இறக்கப்போகும்போது கொரகொரப்பாகப் பொடித்த மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி. மிளகை முதலிலேயே போட்டு எண்ணெயில் கருக்காதே. மணம் போய்க் கசப்பு மட்டும் மிஞ்சும். இங்கே பக்கத்தில், கேரள எல்லையோரம் பிரானூரில் இருக்கும் பார்டர் கடைகளில் சாப்பிட்டுப் பழகின நாக்குக்குக் கடைசி மிளகு தெரியும்.

தக்காளி வேண்டாம். வேண்டுமென்றால் நான்ஸ்டிக் சட்டிக்குப் போ. இரும்பில் புளிப்பு நின்றால் கறுத்து இரும்பு வாடை வரும்.

ஒரே சட்டியில் சாப்பாடே முடிய வேண்டும் என்றால் மரச்சீனிக் கிழங்கு இருக்கிறதே! காலையில் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு எடுத்துவை. இரவில் கறி தயாரானதும் கிழங்கை அதில் போட்டு அகப்பைக் காம்பால் பாதி மசித்துப் பிரட்டு. பிள்ளைகள் சோற்றைக் கேட்க மாட்டார்கள். முதல்நாள் மிஞ்சிய பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு ஒரு முட்டையை உடைத்து ஊற்றினாலும் தோதாக இருக்கும். ஆனால் அதை வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் செய்தால் உன் அம்மா என்னைத் திட்டுவார்.

கழுதுருட்டி மலையோரம்

அத்தை, அண்ணாச்சி, இருவருக்கும் நன்றி. நாளைக்கே இரும்புச் சட்டியை இறக்குகிறேன். இரண்டு சந்தேகம். இளையவளுக்கு மிளகு ஆகாது, அவளுக்கு மட்டும் தனியாகச் செய்ய நேரமில்லை. இன்னொன்று, புனலூர்ப் பக்கம் கட்டையில் கொத்தித் தருகிற கடை தெரியவில்லை. பிரானூர் வந்து மொத்தமாக வாங்கி ஃபிரீசரில் வைத்தால் கெடுமா?

கொழிஞ்சாம்பாறை

சகோதரி, நான் பாலக்காட்டுப் பக்கம். உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சமையல் உங்களுக்குப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள், என் கவலை புதன்கிழமையைப் பற்றியது. ஞாயிறு வாங்கிய கொத்துக்கறி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் புதன் வரை இருக்கக் கூடாது. ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதுவும் பெட்டி 4 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான். மின்வெட்டு உள்ள ஊரில் அதை நம்ப முடியாது. முழுத் துண்டில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும், சூடு பட்டதும் சாகும். கொத்தும்போது மேலே இருந்தது உள்ளே போய்விடுகிறது. ஆகவே கொத்திய கோழி உள்வரை 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். வேகாத கறியும் சில நேரம் வெளுத்துவிடும். அத்தை சொன்ன அந்த மூன்று நான்கு நிமிட மூடலைக் குறைக்காதீர்கள். மூடுவதற்கு முன் கட்டி எதுவும் இல்லாமல் உடைத்துவிடுங்கள்.

கிளறாமல் நிற்கச் சொன்னதற்குக் காரணம் எளிது. கோழிக்கறியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். தண்ணீர் இருக்கும்வரை சட்டியில் கறி 100 டிகிரியைத் தாண்டாது. சிவந்து மணம் வர 140 டிகிரிப் பக்கம் போக வேண்டும். ஓயாமல் கிளறினால் ஈரமான பக்கம் மாறி மாறி அடிக்கு வந்துகொண்டே இருக்கும்.

ஃபிரீசரில் வைக்கலாம், மூன்று மாதம் வரை சுவை நன்றாக இருக்கும். உருண்டையாக வைக்காமல், ஒரு வேளைக்கு ஒரு பையாகப் பிரித்து, காற்றை வெளியேற்றி விரல் தடிமனுக்குத் தட்டையாக்கி வையுங்கள். சமைக்கும் நாளுக்கு முந்தைய இரவே கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டால் மாலை வரும்போது உருகியிருக்கும். மறந்துவிட்டால் பையோடு குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள், தட்டையாக இருப்பதால் சோறு வேகும் நேரத்தில் இளகிவிடும். மின்சாரம் நீண்ட நேரம் இல்லாமல் உருகி வெதுவெதுப்பாகிவிட்டால் மறுபடி உறையவைக்காதீர்கள்.

கறிக்கடை அண்ணாச்சியிடம் ஒரு மாறுபாடு. துண்டமாக இருக்கும்போதும் குழாயடியில் கழுவினால் தெறிக்கிற தண்ணீர் பக்கத்தில் இருக்கும் தட்டு, காய்கறி எல்லாவற்றிலும் படும். கழுவித்தான் ஆக வேண்டுமென்றால் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து மெதுவாக அலசிவிட்டு, தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

செங்கோட்டைக் கீழபஜார் அத்தை

சின்னவளுக்குத் தனியாகச் செய்ய வேண்டியதே இல்லை. மிளகு கடைசியில்தானே விழுகிறது? அதற்கு முன்னால் அவள் பங்கைத் தட்டில் எடுத்துவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து கொடு. இரும்புச் சட்டியைப் புதிதாக இறக்குவதானால் முதலில் துரு இருக்கிறதா என்று பார்த்துக்கொள். அரிசி கழுவின தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, எண்ணெய் தடவிக் காயவைத்துவிட்டு வேலைக்குப் போ.

மார்த்தாண்டம் சந்தை

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். கிறிஸ்துமஸுக்கு வாங்குகிற வான்கோழியில் மிஞ்சிய நெஞ்சுக்கறிக்கும் இதே முறை ஒத்துவருமா? எங்கள் வீட்டில் அது யாருக்கும் இறங்குவதில்லை.

பிரானூர் கறிக்கடை

ஒத்துவரும். வான்கோழி நெஞ்சில் கொழுப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆகவே அரைக் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கூட்டுங்கள், வெங்காயத்தை இரண்டு மடங்காக்குங்கள். சமைக்காத கறியாக இருக்க வேண்டும். வெந்ததை மறுபடி கொத்தி வறுத்தால் மனிதன் தின்ன மாட்டான்.

கொழிஞ்சாம்பாறைத் தங்கச்சி சொன்ன பாத்திரக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். கடையில் தொட்டி வேறு, கட்டை வேறு என்று வைத்திருப்பதும் அதற்காகத்தான்.

கழுதுருட்டித் தங்கச்சி, கொத்துக்கறி வேண்டுமென்றால் ஞாயிறு காலையில் வராதீர்கள். குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதங்களில் பார்டரில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, நிதானமாகக் கொத்தித் தர யாருக்கும் கை ஒழியாது. சனிக்கிழமை மாலை நாலு மணிக்குமேல் வாருங்கள். ஐஸ் போட்ட டப்பா ஒன்று கையில் இருக்கட்டும், புளியரை ஏறிக் கோட்டைவாசல் தாண்டி வீடு போவதற்குள் கறி சூடாகக் கூடாது. தொடைக்கறி என்று சொல்லிக் கேளுங்கள், எடை போடுமுன் தோலை எடுக்கச் சொல்லுங்கள்.