வால்செதில் பைன்: ஒரு மரப்பெயர் விவாதம்

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தொகுக்கும் தமிழ் மரப்பெயர்த் தொகுப்பில், அமெரிக்க மலைகளில் வளரும் பிரிசில்கோன் பைனுக்கு 'மலைச்சவுக்கு' என்று இருப்பதை எடுத்துவிட வேண்டும். வேதாரண்யம் கரையில் சவுக்கைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், அவ்வளவுதான். சவுக்கின் 'ஊசி' இலையே அல்ல. கணுக்கணுவான பச்சைக் குச்சி. இரு விரலால் இழுத்தால் கணுவில் கழன்று வரும். அந்தக் கணுவைச் சுற்றிப் பல் பல்லாக நிற்பவைதான் இலைகள். அது பூக்கும் தாவரம், பைன் பூக்காதது. இந்தப் பைனில் ஐந்தைந்து ஊசிகள் ஒரு கொத்தாகக் கிளம்பும். ஒவ்வொன்றும் 2 முதல் 4 செ.மீ. நீளம்.

ஆங்கிலப் பெயரில் பிரிசில் என்பது முரட்டு முடி, கோன் என்பது செதில் செதிலாக விதை தாங்கும் கூம்பு. அதனால் 'சுணைக்கூம்பு பைன்' என்று வைக்கலாமா? விதைக்கும் முன் விதையை ஈரக்குளிரில் வைக்கும் நேர்த்திக்கு 'முளைகட்டல்' என்றே போடலாம் என நினைக்கிறேன்.

•

அம்மா, மலைச்சவுக்கு போகட்டும். ஆனால் சுணை பொருந்தாது. கரும்புத் தோகையிலும் வைக்கோலிலும் இருந்துகொண்டு, உடம்பில் பட்டால் அரிக்கிறதே, அதுதான் நம் பக்கம் சுணை. அதை எண்ண முடியாது. இந்தக் கூம்பில் செதிலுக்கு ஒன்றுதான்: செதில் நடுவில் ஒரு குமிழ், அதிலிருந்து நீளும் மெல்லிய கூர். அழுத்தினால் ஒடிந்துவிடும்.

நெல்லில் இதற்கு ஈடானது வால். சில பழைய ரகங்களில் உமி நுனியிலிருந்து நீண்டு நிற்குமே, அது. தாவரவியலாளர் எங்கெல்மன் 1862-ல் வைத்த பைனஸ் அரிஸ்டாட்டா என்ற அறிவியல் பெயரும் இதையே சொல்கிறது. லத்தீனில் அரிஸ்டா என்றால் கதிரின் வால். வயலில் இருக்கும் சொல்லை விட்டு வேறெங்கே தேடுவது? 'வால்கூம்பு பைன்' என் பரிந்துரை.

•

ஐயா, வால் என்ற சொல் எனக்கும் பிடித்திருக்கிறது. ஒரு சிக்கல்: இதன் நெருங்கிய உறவான பைனஸ் பால்ஃபோரியானா என்ற பைனுக்கு 'நரிவால் பைன்' என்று முன்பே ஏற்றிவிட்டோம். அங்கே வால் என்பது ஊசிகள் அடர்ந்த கிளை, இங்கே செதிலின் கூர். 'வால்செதில் பைன்' என்றால் குழப்பம் வராது. நரிவாலின் செதிலில் கூர் இருக்காது, இருந்தாலும் 1 மி.மீ. அளவுதான், பெயரே அடையாளமும் ஆகிவிடும்.

வால்செதிலிலும் இரண்டு இனம் உண்டு. அரிஸ்டாட்டாவின் வால் 4 முதல் 10 மி.மீ., லாங்கேவாவின் வால் 1 முதல் 6 மி.மீ. அளவுகள் இடையில் ஒட்டுவதால் ஊசியையும் பார்க்க வேண்டும். அரிஸ்டாட்டா ஊசியில் வெள்ளைப் பிசின் புள்ளிகள் நிறைய இருக்கும். மாவுப்பூச்சி என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் உண்டு. நகத்தால் சுரண்டினால் பிசின் உதிரும், பூச்சியானால் நசுங்கும். லாங்கேவாவை பெய்லி என்ற தாவர ஆய்வாளர் 1970-ல்தான் தனி இனமாகப் பிரித்தார். கலிஃபோர்னியாவின் வெள்ளை மலைகளில் 4,800 ஆண்டு தாண்டி நிற்பது இதுவே. அதற்கு முந்தைய நூல்களில் அரிஸ்டாட்டா என்றிருக்கும், தொகுப்பில் அப்படியே படியெடுக்கக் கூடாது. லாங்கேவாவுக்கு 'நெடுவாழ் வால்செதில் பைன்' என்று முன்னொட்டுச் சேர்ப்போம்.

'முளைகட்டல்' தவறான திசை, அம்மா. விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கில் கட்டினால் உள்ளே சூடேறி முளை வெளிவருகிறது. இங்கே குளிரில் வைப்பது முளைக்க அல்ல, உறக்கம் கலைக்க. 'குளிர்ப்பதம்' என்று போடுவோம். புது விதைக்குப் பெரும்பாலும் அதுவும் வேண்டியதில்லை. சேமித்த விதையானால் பிழிந்தால் நீர் சொட்டாத ஈரமணலில் கலந்து, 1 முதல் 5 டிகிரி செல்சியஸில் ஒரு மாதம். ஈரம் கூடினால் பூஞ்சணம் பிடிக்கும்.

பிறகு பருமணல் மிகுந்த கலவையில் அரை செ.மீ. ஆழத்தில் ஊன்றி, மேல்மண் காய்ந்த பிறகே நீர் விட வேண்டும். நாற்றுகள் சாவது பெரும்பாலும் நாற்றழுகலால்தான். தொழுவுரம் போட்டு வேகமாக வளர்த்துவிட நினைக்கக் கூடாது. லாங்கேவா தன் ஊரில் சுண்ணாம்புச் சத்துள்ள டோலமைட் கல்லில், ஆண்டுக்குச் சுமார் 30 செ.மீ. மழையும் பனியுமாக மெல்ல வளர்ந்துதான் மரத்தில் பிசினும் அடர்த்தியும் ஏறுகின்றன; பூஞ்சையும் வண்டும் எளிதில் உள்ளே போக முடிவதில்லை.

தஞ்சை, திருவாரூர் வாசகர்களுக்கு ஒரு வரி கட்டாயம் சேருங்கள்: நம் வண்டல் களிமண்ணில் ஐப்பசி மழைக்கு இதன் வேர் அழுகும். தொட்டியில் வைத்து மழைக்கு மறைத்தாலும், உறைகுளிர் இல்லாத ஊரில் இது நிலைக்காது. விதை வாங்கிப் பணத்தை விட வேண்டாம்.

•

வால்செதில், குளிர்ப்பதம் இரண்டையும் ஏற்றுக்கொள்கிறேன். கூம்பின் படத்தில் ஒரு செதிலை மட்டும் பெரிதாக்கி, பக்கத்தில் வாலுள்ள ஒரு நெல்மணியை வைத்து வரைந்து சேர்க்கிறேன்.