சித்தப்பாவுக்கு வாங்கிய மஞ்சள் மாத்திரை: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

சண்முகம் பெரியப்பா, காலை 7:10
அனைவருக்கும் வணக்கம். தாவரத்திலிருந்து எடுத்த ஒரு வேதிப்பொருளைச் சற்று மாற்றி அமைத்தபோது கல்லீரல் புற்றுநோய்ச் செல்களின் வளர்ச்சி குறைந்ததாக நேற்றிரவு நண்பர் ஒருவர் செய்தி அனுப்பியிருந்தார். கல்லீரல் புற்றுநோயோடு போராடும் தம்பியின் நினைவாகவே இருப்பதால் அதை இரண்டு முறை படித்தேன். கயல், நீ மருந்து வேதியியல் ஆய்வகத்தில் இருப்பவள். இதில் நாம் நம்பிக்கை வைக்க இடமிருக்கிறதா என்று கொஞ்சம் விளக்கமாக எழுது அம்மா.

சுந்தரி அத்தை, காலை 7:24
இதைத்தான் அண்ணா நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நம் வீட்டுக் கொல்லையிலேயே கீழாநெல்லி மண்டிக் கிடக்கிறது. சிறு வயதில் மஞ்சள் காமாலை வந்தபோது அம்மா அதை அரைத்து மோரில் கலந்து கொடுத்துத்தான் நாம் எழுந்து நடமாடினோம். தம்பிக்கும் கொடுக்கும்படி செல்வியிடம் போன மாதமே சொன்னேன்.

கயல்விழி, காலை 8:05
பெரியப்பா, நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. ஆனால் அதைச் செடியின் மேல் வைப்பதா, செடியிலிருந்து பிரித்து மாற்றியமைத்த மூலக்கூறின் மேல் வைப்பதா என்பதுதான் கேள்வி.

'செல்களின் வளர்ச்சி குறைந்தது' என்று நாங்கள் எழுதும்போது எங்கள் மேசையில் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன். உள்ளங்கை அளவிலான ஒரு பிளாஸ்டிக் தட்டில் 96 சிறு குழிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் செல்களை வளர்த்து, சோதிக்க வேண்டிய பொருளை வெவ்வேறு அளவில் ஊற்றி, இரண்டு மூன்று நாள் கழித்து மஞ்சள் நிறக் கரைசல் ஒன்றைச் சேர்ப்போம். உயிருள்ள செல்கள் அதை ஊதா நிறப் படிகங்களாக மாற்றிவிடும். ஊதா வெளிறிய குழியில் செல்கள் குறைந்திருக்கின்றன என்று பொருள். செய்திகளில் வரும் சதவீதம் பெரும்பாலும் அந்த நிறத்தின் அளவுதான். அங்கே குடல் இல்லை, இரத்த ஓட்டம் இல்லை, மருந்தை வெளியேற்றும் சிறுநீரகமும் இல்லை.

உலகெங்கும் இதற்குப் பயன்படும் ஹெப்-ஜி2 செல்கள், அர்ஜென்டினாவைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவன் ஒருவனின் கல்லீரல் கட்டியிலிருந்து 1970களில் வளர்க்கப்பட்டவை. அது பெரியவர்களுக்கு வரும் வகையன்று, குழந்தைகளுக்கு வரும் வேறொரு வகைக் கட்டி என்பது பல ஆண்டுகள் கழித்தே தெளிவானது. அந்தத் தட்டைக் கையில் எடுக்கும் போதெல்லாம் எனக்கு அந்தச் சிறுவன் நினைவுக்கு வருவான்.

செல்வி சித்தி, காலை 8:31
கயல், உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். மஞ்சளின் சத்தான குர்குமினை மாத்திரையாக இணையத்தில் வாங்கி மூன்று வாரமாக உன் சித்தப்பாவுக்குக் கொடுத்து வருகிறேன். ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் குர்குமினும் மிளகுச் சாறும் இருப்பதாக எழுதியிருக்கிறது. மருத்துவரிடம் இதைச் சொல்லவில்லை. புற்றுநோய்க்கு மருத்துவர் கொடுத்த சோராஃபெனிப் மாத்திரையால் உள்ளங்கால் தோல் உரிந்து, செருப்புப் போட முடியாமல் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

கயல்விழி, காலை 8:52
சித்தி, நீங்கள் சொன்னது மிகவும் நல்லது. உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

குர்குமின் தட்டில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அது தண்ணீரில் கரையாது. நாங்கள் வேறொரு கரைப்பானில் கரைத்துத்தான் செல்களுக்குக் கொடுக்கிறோம். உடல் வெப்பத்தில், இரத்தத்தை ஒத்த காரத்தன்மையுள்ள வெறும் உப்புக் கரைசலில் விட்டால் அரை மணி நேரத்திற்குள் அதன் பெரும்பகுதி சிதைந்துவிடும். வாயால் விழுங்கினாலோ, உள்ளே போன சிறிதளவையும் குடலும் கல்லீரலுமே பிடித்து வெளியேற்றிவிடுகின்றன. அதனால் பல கிராம் கொடுத்தும் இரத்தத்தில் மிகக் குறைவாகவே அது தென்படுகிறது.

மிளகு சேர்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2 கிராம் குர்குமினுடன் மிளகிலுள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்தபோது இரத்தத்தில் சேரும் குர்குமின் 2000 சதவீதம் கூடியதாகப் பெங்களூருவில் நடந்த ஓர் ஆய்வு 1998இல் வெளியானது. ஆனால் பைப்பரின் இதைச் செய்வது, கல்லீரலில் மருந்துகளைக் கையாளும் நொதிகளைத் தடுப்பதன் மூலம். சித்தப்பாவின் சோராஃபெனிப்பும் அவற்றுள் ஒரு நொதியின் வழியாகத்தான் கழிகிறது. அந்த வழி அடைபட்டால் மருந்து உடலில் அளவுக்கு மேல் தேங்க வாய்ப்புண்டு. கால் தோல் உரிவது சோராஃபெனிப்பின் தெரிந்த பக்க விளைவுதான் என்றாலும், இந்த மூன்று வாரத்தில் அது கூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று 2022இல் அறிக்கை வெளியிட்டது. அவர்களில் ஒருவர் இறந்துவிட்டார். குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, சித்தி. அந்தப் புட்டியை மட்டும் இன்றே நிறுத்துங்கள்.

சண்முகம் பெரியப்பா, காலை 9:15
செல்வி, மனத்தைத் தளரவிடாதே. கயல், அப்படியானால் 'மாற்றியமைப்பது' என்பது என்ன? அந்தக் குறைகளைச் சரிசெய்வதா?

கயல்விழி, காலை 9:40
ஆம், பெரியப்பா. குர்குமின் மூலக்கூறின் இரு முனைகளிலும் இரண்டு வளையங்களும், அவற்றை இணைக்கும் சங்கிலியின் நடுவில் கார்பனோடு ஆக்சிஜன் இணைந்த, கீட்டோன் எனப்படும் இரண்டு பகுதிகளும் இருக்கின்றன. அது உடைவதற்குக் காரணம் அந்த நடுப்பகுதிதான். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் அந்த இடத்தில் ஒரே ஒரு கீட்டோன் கொண்ட வளையத்தை வைத்து, முனை வளையங்களில் ஃபுளோரின் அணுக்களைச் சேர்த்து, இஎஃப்-24 என்ற பொருளை உருவாக்கினார்கள். கல்லீரல் புற்றுநோய்ச் செல்களிலும் சோதித்திருக்கிறார்கள். குர்குமினைவிட மிகக் குறைந்த அளவிலேயே அது செல்களைத் தடுக்கிறது. ஆனாலும் இன்றுவரை மருந்தாகவில்லை. உங்கள் நண்பர் அனுப்பிய செய்தியும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தைச் சேர்ந்ததாகத்தான் இருக்கும்.

இந்தக் கட்டத்தைத் தாண்டிய ஒன்றும் உண்டு. எபிமீடியம் என்ற சீன மூலிகையில் இகாரின் என்ற பொருள் இருக்கிறது. அதோடு ஒட்டியிருக்கும் இரண்டு சர்க்கரைகளை நீக்கினால் கிடைப்பது இகாரிடின். முற்றிய கல்லீரல் புற்றுநோய்க்கு அதைச் சீன அரசு 2022 ஜனவரியில் அனுமதித்தது. அங்கே இந்த நோய்க்கு ஹெபடைடிஸ் பி கிருமியே முக்கியக் காரணம். நம் சித்தப்பாவுக்கும் அதுதானே. இரத்தத்தில் குறிப்பிட்ட சில அடையாளங்கள் இருந்த நோயாளிகளைத் தனியாகப் பார்த்தபோது, ஒப்பீட்டு மருந்து பெற்றவர்களைவிட இதைப் பெற்றவர்கள் ஏறத்தாழ இரு மடங்கு காலம் வாழ்ந்தார்கள். அப்படிப் பார்க்கப்பட்டவர்கள் மொத்தம் 71 பேரே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்து மானாவாரி நிலங்களில் பயிராகும் நித்தியகல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டின் என்ற இரத்தப் புற்றுநோய் மருந்து கிடைக்கிறது. அதன் இலையை அரைத்துக் குடித்தால் நஞ்சு. மருத்துவமனையில் அதே பொருளை மில்லிகிராம் கணக்கில் அளந்து இரத்தக்குழாயில் ஏற்றுகிறார்கள்.

சுந்தரி அத்தை, காலை 10:02
கயல், கீழாநெல்லியை ஆராய்ந்து நம் சென்னையிலேயே நிரூபித்தார்கள் என்று அந்த நாளில் பத்திரிகையில் படித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதையும் இல்லை என்கிறாயா?

கயல்விழி, காலை 10:20
நீங்கள் படித்தது உண்மைதான், அத்தை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் சேர்ந்து செய்த ஆய்வு அது. 1988இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. கீழாநெல்லி பெற்ற 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் இரத்தத்திலிருந்து மறைந்தது. வெற்று மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. அந்த எண்களைப் படிக்கும்போது எனக்கும் மனம் துள்ளத்தான் செய்கிறது. ஆனால் பிறகு பல இடங்களில் அதே சோதனையைச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆச்சி கொடுத்த மோரைக் குறைவாகப் பேச எனக்கு மனமில்லை. குழந்தைகளுக்கு வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். சித்தப்பாவுக்கு இருப்பது அந்த நோயன்று.

முத்து, காலை 10:34
கயல் அக்கா, அந்த இகாரிடினை அப்பாவுக்கு வாங்க முடியுமா? எவ்வளவு செலவானாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

கயல்விழி, காலை 10:41
தம்பி, வழக்கமான சிகிச்சை ஒத்துவராத நோயாளிகளுக்கென்றே அதற்குச் சீனாவில் அனுமதி கொடுத்தார்கள். அப்பாவுக்கு இப்போது நடக்கும் சிகிச்சை பலன் தருகிறதா என்பதை அடுத்த ஸ்கேனைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அன்று இந்தப் பெயரை எழுதிக்கொண்டு போய், புதிய மருந்துச் சோதனை எதிலாவது அப்பாவைச் சேர்க்க முடியுமா என்று அவரிடம் நேராகக் கேள். நானும் உடன் வருகிறேன்.

சுந்தரி அத்தை, காலை 10:50
செல்வி, நான் சொன்ன கீழாநெல்லியையும் மருத்துவரைக் கேட்கும் வரை கொடுக்க வேண்டாம்.

செல்வி சித்தி, காலை 10:53
சரி மதினி. அதை இரண்டு நாள்தான் கொடுத்தேன். அத்தான், நீங்களும் வியாழக்கிழமை மருத்துவமனைக்கு வந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

சித்தப்பா, காலை 11:06
காலையிலிருந்து எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். என்னிடம் மறைத்துப் பேசாமல் இங்கேயே பேசியது எனக்கு ஆறுதல். புட்டியில் இன்னும் 18 மாத்திரைகள் இருக்கின்றன. எண்ணி, மூடி, மருத்துவமனைக் கோப்போடு பையில் வைத்துவிட்டேன். கால் எரிச்சல் போன வாரத்திலிருந்துதான் கூடியது, கயல். அந்தத் தேதியையும் அட்டையில் எழுதிவிட்டேன்.