ஹோமியோபதி பாட்டில்ல 30, 200னு போடுறாங்களே, அது என்ன கணக்கு?

நெல்லை_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு ஏழு வயசு, வீசிங் இருக்கு. குழந்தை டாக்டர் தினம் ரெண்டு வேளை ஸ்பேசர் மாட்டி இன்ஹேலர் கொடுக்கச் சொல்லியிருக்காங்க. எங்க அத்தை தெரிஞ்சவர்கிட்ட ஹோமியோபதி உருண்டை வாங்கிட்டு வந்திருக்காங்க. பாட்டில்ல ஆர்செனிகம் ஆல்பம் 200னு இருக்கு. ஆர்செனிக் விஷமாச்சே, பிள்ளைக்குக் கொடுக்கலாமா? 30ஐ விட 200 வீரியமா? இன்ஹேலர் பழகிடும், நிறுத்திடுன்னு வேற சொல்றாங்க. இந்த வைத்தியத்தோட அடிப்படை தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கெமிஸ்ட்ரி_வாத்தியார்:
இன்ஹேலரை நிறுத்தாதீங்கம்மா. மூச்சுக்குழாய் வீக்கத்தை அடக்கி வைக்கிற மருந்து அது. உங்க டாக்டர் சொன்னா மட்டும் குறைங்க.

பிளஸ் டூ பசங்களுக்கு மோல் கணக்கு நடத்தி ரிட்டயர் ஆனவன் நான், கொஞ்சம் விரிவாவே சொல்றேன். ஜெர்மனியில சாமுவேல் ஹானிமன்னு ஒரு டாக்டர், 1790 வாக்குல, மலேரியாவுக்குக் கொடுக்கிற சின்கோனா பட்டையைத் தானே சாப்பிட்டுப் பார்த்தார். நோயில்லாத உடம்புல மலேரியா மாதிரியே தொந்தரவு வந்ததுன்னு எழுதினார். அதுலருந்து வந்ததுதான் முதல் கொள்கை: நல்லா இருக்கிறவனுக்கு ஒரு பொருள் என்ன தொந்தரவு தருதோ, அதே தொந்தரவுள்ள நோயாளிக்கு அதுதான் மருந்து. வெங்காயம் உரிச்சா கண்ணும் மூக்கும் ஒழுகுது. அதனால ஒழுகுற ஜலதோஷத்துக்கு ஆலியம் சீபா கொடுப்பாங்க. அது வெங்காயம்தான்.

அடுத்தது நீர்க்க வைக்கிறது. ஒரு பங்கு மருந்து, 99 பங்கு ஆல்கஹால், ஓங்கித் தட்டிக் குலுக்கினா 1 சி. அதுல ஒரு பங்கு எடுத்து மறுபடி 99 பங்கு சேர்த்தா 2 சி. ஆர்செனிக் மாதிரி லேசுல கரையாத சரக்குன்னா முதல் சில படியை லாக்டோஸ் சேர்த்துக் கல்வத்துல அரைச்சே முடிப்பாங்க. இப்படி 30 தடவை செஞ்சா ஒண்ணுக்குப் பின்னால 60 சைபர் போட்ட அளவுக்கு நீர்த்திருக்கும். 200ன்னா 400 சைபர். கெமிஸ்ட்ரியில சரக்கை அளக்கிற அலகு மோல். ஒரு மோல்ல இருக்கிற மூலக்கூறு எண்ணிக்கையே 24 இலக்கம்தான். அதனால 12 சியிலேயே ஒரு மூலக்கூறு மிஞ்சுறது சந்தேகம். உங்க பாட்டில் உண்மையிலேயே 200ன்னா அதுல ஆர்செனிக் கிடையாது. அவங்க கணக்குல 200க்குத்தான் வீரியம் அதிகம். என் கணக்குல ரெண்டுமே வெறும் சர்க்கரை உருண்டை.

ஹோமியோ_டாக்டர்:
நான் பிஎச்எம்எஸ், அதாவது ஹோமியோபதி பட்டப்படிப்பு படிச்சவன். சார் சொன்ன மூலக்கூறு கணக்கை மறுக்கல. குலுக்கிறப்போ மருந்தோட ஆற்றல் தங்குதுங்கிறது எங்க கொள்கை. நோயோட பேரைப் பார்க்க மாட்டோம், ஆளைத்தான் பார்ப்போம். நடுராத்திரிக்கு மேல இழுப்பு, பதற்றம், தண்ணியை மடக்கு மடக்கா அடிக்கடி கேக்கிறது, இப்படி இருந்தாத்தான் ஆர்செனிகம் யோசிப்போம். பிள்ளையைப் பார்க்காமலே கொடுத்தனுப்பினது எங்க முறைப்படியே தப்பு. இன்ஹேலரை நானும் நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

கெமிஸ்ட்ரி_வாத்தியார்:
டாக்டர், கடைசி வரிக்கு மனசார நன்றி. ஆனா ஆற்றல் தங்குதுங்கிறதை என்னால ஏத்துக்க முடியல. ஆஸ்திரேலியாவோட அரசு மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்எச்எம்ஆர்சி 176 ஆய்வுகளை அலசி, எந்த நோய்க்கும் இது பலன் தர்றதா நம்பகமான ஆதாரம் இல்லைன்னு 2015ல சொல்லிடுச்சு. இங்கிலாந்தோட அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் 2017ல, இதை இனி எழுதிக்கொடுக்க வேண்டாம்னு சொல்லிடுச்சு. நீங்க உட்கார வச்சுப் பொறுமையாக் கேக்கிறது நோயாளிக்குப் பெரிய ஆறுதல், அதை மதிக்கிறேன். ஆனா வீசிங் தானாவே கூடும், குறையும். குறையிற சமயத்துல உருண்டை சாப்பிட்டிருந்தா பேர் அதுக்குப் போயிடும்.

அம்மா, மதர் டிங்சர்னு, அதாவது இப்படி நீர்க்க வைக்கிறதுக்கு முந்தின மூலச்சாறுன்னு போட்டிருந்தா இந்தக் கணக்கு செல்லாது. அதுல சரக்கு நிஜமாவே இருக்கும். நக்ஸ் வாமிகான்னா நம்ம எட்டிக்கொட்டை. பிள்ளை கைக்கு எட்டவே விடாதீங்க.

நெல்லை_அம்மா:
ரொம்ப நன்றி சார், டாக்டர். இன்ஹேலர் தொடருது. ராத்திரி இழுப்பு வந்தா எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

கெமிஸ்ட்ரி_வாத்தியார்:
அவசரத்துக்கு டாக்டர் கொடுத்த இன்ஹேலர் கேக்கலைன்னா, மூச்சு வாங்கி முழு வாக்கியம் பேச முடியலைன்னா, விலா இடுக்குல சதை உள்ள இழுத்தா, உதடு நீலம் பாரிச்சா உடனே 108க்கு போன் போடுங்க. விடியட்டும்னு காத்திருக்காதீங்க.