இராவணன் வெட்டும் கன்னியாவும்: நால்வரின் மனத்தை விட்டு அகலாத அனுபவங்கள்

உப்புவெளியான்

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்காக, திருகோணமலைக்கு அருகே ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ள கன்னியாவுக்குப் போன நாளைப் பற்றி எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். கிரியைகள் முடிந்ததும் ஐயர் என்னை ஏழு கிணறுகளிலும் முழுகி வரச் சொன்னார். அங்கே முழுகுவது என்பது வாளியால் அள்ளித் தலையில் வார்ப்பதுதான் என்பது நம் ஊரவர்க்குத் தெரியும். பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒவ்வொரு சூடு. முதல் மூன்றையும் ஏதோ கடமைபோல வார்த்துவிட்டேன். நான்காவது வாளியைக் கவிழ்த்தபோது சூடு பொறுக்காமல் மூச்சு ஒரு கணம் நின்றது. சிறுவயதில் காய்ச்சலில் கிடந்த என் கழுத்தை அம்மா வெந்நீர்த் துணியால் ஒற்றியெடுத்த அதே சூடு அது. முப்பது நாளும் வராத அழுகை அங்கேதான் வந்தது. ஐயர் என் தோளைத் தொட்டு, "அழுங்கோ தம்பி, பத்துத் தலையுள்ளவனே தாயை நினைத்து அழுத இடம் இது" என்றார்.

இராவணன் தன் தாயின் கடனைக் கழிப்பதற்காக வாளால் ஏழிடங்களில் குத்த ஊறிய நீர் என்று கேட்டு வளர்ந்தவன் நான். ஆயினும் குபேரனிடமிருந்து இலங்கையையும் புட்பக விமானத்தையும் பறித்த வீரனாக, கயிலையையே பெயர்க்கத் துணிந்தவனாக மட்டுமே அவன் என் மனத்தில் நின்றிருந்தான். அன்று முதல் அவனை நினைத்தால், ஈரவேட்டியோடு கிணற்றடியில் நிற்கும் ஒரு மகன்தான் கண்முன் வருகிறான்.

கோட்டைவாசல்

உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன். ஆனால் ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது: ஏழு கிணறுகளும் இராவணனின் வாளால் வந்தவை அல்ல. நோயுற்ற தாய் இருந்த இடத்திலிருந்தே வழிபட வேண்டும் என்பதற்காக, திருகோணமலையில் கோணேசராகச் சிவன் இருக்கும் மலையையே எடுத்துப்போக எண்ணி அவன் பாறையை வெட்டினான். அந்தப் பிளவைத்தான் இராவணன் வெட்டு என்கிறோம். அதைத் தடுக்க விட்டுணு முதிய அந்தணராக வந்து, தாய் இறந்துவிட்டாள் என்று சொல்லி அவனைக் கன்னியாவுக்கு அழைத்துப்போய், தம் கைத்தடியால் ஏழிடங்களில் ஊன்ற நீர் பெருகியது. கோணேசர் கோயிலின் புராண மரபு இதுதான். வாளுக்கும் தடிக்கும் என்ன வேறுபாடு என்று நீங்கள் கேட்கலாம். வாள் அவன் கையில் இருந்தது மலையில். கன்னியாவுக்கு அவன் வெறுங்கையோடுதான் வந்தான். எனக்கு அது பெரிய வேறுபாடு.

என் அனுபவம் சிறியது. கோணேசர் மலைக்குப் போகும் வழியில், திருகோணமலைக் கோட்டைக்குள் புள்ளிமான்களுக்குப் பழத்தோல் கொடுத்துவிட்டு, மகனை வெட்டைப் பார்க்கக் கூட்டிப்போனேன். எட்டிப் பார்த்தவன் பாதாளத்தில் வெண்ணுரையாக உடையும் அலையைக் கண்டு என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். பிறகு, "அப்பா, இவ்வளவு பலமுள்ளவர் ஏன் பாதியில் விட்டவர்?" என்று கேட்டான். இராவணனின் அம்மா செத்துப்போனா என்று அந்த வயதுப் பிள்ளைக்குச் சொல்ல எனக்கு நா எழவில்லை. இன்றுவரை அவனுக்கு மறுமொழி சொல்லவில்லை.

தம்பலகாமத்து மகள்

கோட்டைவாசல் அண்ணா, பிள்ளையிடம் மறைக்காதீர்கள். சொல்லும் முறையை மட்டும் நான் கூறுகிறேன். முதலில் வெட்டுக்கு அருகே கைகூப்பி நிற்கும் இராவணன் சிலையிடம் கூட்டிப்போங்கள். ஆயுதம் இல்லாத அந்தக் கோலத்தை அவன் நன்றாகப் பார்க்கட்டும். சம்பந்தர் தம் பதிகங்களில் எட்டாம் பாடலை இராவணனுக்கென்றே வைத்தவர் என்பதைச் சொல்லுங்கள். நம் கோணமாமலைப் பதிகத்திலும் அப்படித்தான். கயிலையின்கீழ் நசுங்கியவன் நரம்பை யாழாக்கிப் பாட, நசுக்கிய இறைவனே அவனுக்கு வாளும் வாழ்நாளும் அருளினார் என்ற கதை பிள்ளைகளுக்கு உடனே பிடிக்கும். தோற்ற பிறகு பாடியவன் என்று தொடங்கினால், தாயின் சாவைச் சொல்வது அவ்வளவு கடினமாக இராது. நண்பகலில் போகாதீர்கள், செருப்பைக் கழற்றிய பின் பாறை காலைப் பொசுக்கும். கன்னியாவுக்கும் அதே நாளில் கூட்டிப்போங்கள். இலங்கையில் எரிமலை இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே மிக ஆழத்துக்கு இறங்கிச் சூடாகி மேலே வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அறிவியலைக் கேட்டால் கதை கெட்டுப்போகும் என்று அஞ்ச வேண்டாம். கிணற்றில் கை வைத்த பிள்ளைக்கு இரண்டும் நிற்கும்.

வாளா தடியா என்ற வாதத்தில் எனக்கு ஈடுபாடில்லை. அம்மம்மா எனக்குச் சொன்னது வாள்தான். வெட்டின் அருகிலுள்ள மரத்தில் அவ எனக்காகத் தொட்டில் கட்டிய நாளில், கோணேசருக்கு முன்பாக இராவணனை நோக்கித்தான் கும்பிட்டா. காரணம் கேட்டதற்கு, "தாயின் அருமை தெரிஞ்சவன் பிள்ளை" என்றா. அதற்கு மறு ஆண்டு என் மகள் பிறந்தாள்.

கரைவலை

எல்லோரும் மேலிருந்து பார்த்ததையே எழுதியிருக்கிறீர்கள். நான் வெட்டைக் கடலிலிருந்து பார்த்து வளர்ந்தவன். கீழிருந்து பார்த்தால் அது உச்சியிலிருந்து அலைவரைக்கும் ஓடும் ஒரு கறுத்த கோடு. விடியற்புறத்தில் வெயில் பாறை முழுவதும் படர்ந்த பிறகும் அந்தக் கோட்டுக்குள் இருள் அப்படியே இருக்கும். 1624 இல் போர்த்துக்கேயப் பறங்கியர் இடித்த கோணேசர் கோயிலின் கற்கள் கோட்டைக்கும் போயின, கடலுக்குள்ளும் விழுந்தன. 1956 இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மூழ்கிக் கண்டவை நாங்கள் வலை சிக்காமல் விலகிப்போகும் அதே கற்கள்தாம். அப்பா சொல்லுவார், "மனிதன் கட்டினதை இடிச்சுப்போட்டாங்கள், அவன் வெட்டினதை ஒருவராலும் மூட ஏலாது" என்று.

வெட்டுக்கு நேரே வந்ததும் அப்பா எஞ்சினை நிறுத்துவார். படகு அலையில் தானாக ஆடும். எழுந்து நின்று, தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, படகின் முன்முனையான அணியத்தில் ஒரு தேங்காயை உடைத்து இரு பாதியையும் நீரில் விடுவார். அவருடைய தாய் இறந்த கிழமையிலும் அப்படித்தான் செய்தார்; ஆனால் அன்று தேங்காய் முதல் அடியில் உடையவில்லை. மூன்றாம் அடியும் தவறியபோது, மேலே பாறையைப் பார்த்து, "உனக்குத் தெரியும்தானே" என்று மட்டும் சொன்னார். பிறகு தேங்காயை என் கையில் தந்துவிட்டு எஞ்சினைப் போடப் பின்னால் போனார். நான்காம் அடியை நான் அடித்தேன்.