வடக்குத் தெரு குடும்பம்

கவிதா: அப்பாவின் 80க்கு மண்டபம் உறுதி. 15ஆம் தேதி ஞாயிறு, மாலை 5லிருந்து 9 வரை. அப்பா இந்தக் குழுவில் இல்லை, தைரியமாகப் பேசலாம். பிள்ளைகள் ஆட ஒரு பாட்டு சொல்லுங்கள்.

வினோத்: ஜங்கிள் ஜங்கிள்

பானு: ஜங்கிள் ஜங்கிள்!!!

வினோத்: நான்தான் முதலில் சொன்னேன்

ராஜி அத்தை: என்ன ஜங்கிள். ஐயரிடம் சொல்லியாகிவிட்டதா

கவிதா: அத்தை, ஹோமம் எதுவும் வேண்டாம் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிறந்தநாள் மட்டும்தான்.

ராஜி அத்தை: திருக்கடையூர் போய் வந்தால் என்ன குறைந்துவிடும். அண்ணனுக்கு வேண்டாம் சரி. அண்ணிக்கு ஆசை இருக்காதா

கவிதா: அம்மாவிடம் கேட்கிறேன் அத்தை

வினோத்: போன மாதமும் இதே பதில்

செந்தில்: அத்தை, ஜங்கிள் புக் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் வருமே, பெரியப்பா வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்ப்போமே, அதன் பாட்டு. இதில் ஒரு வேடிக்கை. கார்ட்டூன் ஜப்பான்காரர்கள் செய்தது. நிப்பான் அனிமேஷன், 1989, மொத்தம் 52 பகுதிகள். அங்கே அதற்கு வேறு முகப்புப் பாட்டு. 1993இல் இங்கே ஹிந்தியில் ஒளிபரப்பியபோது புதிதாக எழுதச் சொன்னார்கள். எழுதியது ஹிந்திப் பாடலாசிரியர் குல்சார். இசை விஷால் பரத்வாஜ், அப்போது அவர் பெயர் வெளியே தெரியாது, ‘மாச்சிஸ்’ படம் வந்ததே 1996இல்தான். பாடிய குழந்தைக் குரல் அமோல் சஹ்தேவ். ஷேர்கான் புலிக்குக் குரல் நடிகர் நானா படேகர்.

வினோத்: அண்ணா, அத்தை கேட்டது ஐயர்

பானு: செந்தில் அண்ணா, அந்த இரண்டாவது வரி, ‘சட்டி பெஹன்கே ஃபூல் கிலா ஹை’, அதற்கு என்ன அர்த்தம்? நான் இன்றுவரை பூச்சட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். பூ, சட்டி. சரியாகத்தானே வருகிறது

வினோத்: நான் தீச்சட்டி என்று நினைத்தேன். காட்டுக்குள் மாரியம்மன் கோவில்

செந்தில்: சட்டி இல்லை பானு. நம் ஊர் ஜட்டி. ஜட்டி போட்டுக்கொண்டு ஒரு பூ பூத்திருக்கிறதாம், காடு முழுக்க அதே பேச்சாம். பூ என்பது மௌக்லி, காட்டில் வளரும் பையன். புலி, கரடி எல்லாம் உடம்பில் ஒன்றும் இல்லாமல் திரியும் இடத்தில் இவன் ஒருவன் மட்டும் துணி கட்டியிருக்கிறான், காட்டுக்கு அது அதிசயம். ஒரே வரியில் முழுக் கதையும் வந்துவிட்டது பார்.

கவிதா: அப்பா மேடையில் ஜட்டிப் பாட்டா

செந்தில்: அந்த வார்த்தை அப்போதே உறுத்தியிருக்கிறது. மாற்றச் சொன்னார்கள், குல்சார் கேட்கவில்லை. மாற்றியிருந்தால் இன்று நீ ஜங்கிள் என்று தட்டியதும் ஒருவருக்கும் நினைவு வந்திருக்காது. அவர் பின்னால் ரகுமானோடு ‘ஜெய் ஹோ’வுக்கு ஆஸ்கார் வாங்கினார். ஆனாலும் வட இந்தியாவில் என் வயதுக்காரர்களிடம் கேட்டால் முதலில் இந்தப் பாட்டைத்தான் பாடுவார்கள்.

பானு: 2016 படத்துக்கு இதையே திரும்பப் போட்டார்கள் இல்லையா

செந்தில்: ஆமாம், டிஸ்னி படம். ஹிந்தியில் அதை விளம்பரப்படுத்த குல்சாரும் விஷாலும் சேர்ந்து மறுபடி செய்தார்கள். நானா படேகரும் திரும்ப வந்தார். மும்பையில் பிறந்த வெள்ளைக்காரர் 1894இல் எழுதிய புத்தகம், அதற்கு ஜப்பான்காரர் போட்ட படம், அதற்கு நாம் கட்டிய பாட்டு, கடைசியில் அமெரிக்காக்காரனுக்கு டிக்கெட் விற்கிறது.

வினோத்: எனக்கு ஒரே ஒரு சந்தேகம். பெரியப்பாவின் 80இல் ஹிந்திப் பாட்டு. அவர் மைக்கைப் பிடுங்கி எறிந்தால் யார் பொறுப்பு

செந்தில்: அதுவும் சரிதான். 1965 போராட்டத்தில் கல்லூரியிலிருந்து ஊர்வலம் போய்ப் பத்து நாள் உள்ளே இருந்தவர்.

வினோத்: பதினைந்து நாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு நாள் கூடும்

கவிதா: டேய்

கவிதா: ஆனால் ஒன்று சொல்கிறேன். அப்பா ஈசிசேரில் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்திருப்பார், நாம் பார்ப்பதே தெரியாத மாதிரி. அந்தப் பாட்டு ஆரம்பித்ததும் பேப்பர் மெதுவாக இறங்கும். கால் கட்டைவிரல் ஆடும். பாட்டு முடிந்ததும் பேப்பர் மேலே போய்விடும். ஒரு வாரம் நான் வேண்டுமென்றே சத்தத்தைக் குறைத்தேன். “ஏன் குறைக்கிறே?” என்று கேட்டார். அவ்வளவுதான்.

பானு: அக்கா

வினோத்: சன் டிவி வந்ததும் அதே 1993. தமிழ் சேனல் தெரு முழுக்க வந்துவிட்டது. கேபிளுக்குக் காசு தரமாட்டேன் என்று ஹிந்தி எதிர்ப்பு வீரர் இரண்டு வருஷம் தூர்தர்ஷனோடு உட்கார்ந்திருந்தார்

கவிதா: அது கொள்கை இல்லை, கஞ்சத்தனம்

செந்தில்: யாருக்கும் சங்கடம் வேண்டாம் என்றால் அந்த மெட்டுக்கு நான் தமிழில் வரிகள் போட்டுத் தருகிறேன்.

வினோத்: வேண்டாம்

பானு: வேண்டாம் அண்ணா

செந்தில்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

வினோத்: நான் பார்த்துவிட்டேன். “கோவணம் கட்டிய மலரொன்று”

கவிதா: கடவுளே

பானு: முரளி எங்கே? அவன்தான் முழுப் பாட்டையும் ஒரு எழுத்து பிசகாமல் பாடுவான்

முரளி: இருக்கிறேன்

பானு: நீ மேடையில் பாடு. பிள்ளைகள் ஆடட்டும். நான் யூடியூப் லிங்க் அனுப்புகிறேன்

முரளி: லிங்க் வேண்டாம். நான் பார்த்ததே இல்லை.

பானு: எதை?

முரளி: அந்தப் பாட்டுக்கு ஓடும் படத்தை. பாட்டு வரும் நேரம் பார்த்துத்தான் டிவியில் புள்ளி புள்ளியாக வரும். நான் மொட்டை மாடியில் ஆன்டெனா கம்பியைப் பிடித்திருப்பேன். கீழேயிருந்து “இன்னும் கொஞ்சம்”, “போதும்”, “ஐயோ போச்சு” என்று நீங்கள் கத்துவீர்கள். ஜன்னல் வழியாகப் பாட்டு மட்டும் வரும். நான் கீழே இறங்கி வரும்போது கதை ஆரம்பித்திருக்கும்.

ராஜி அத்தை: நானே கேட்க வேண்டும் என்று இருந்தேன். எத்தனை பிள்ளைகள் அந்த வீட்டில். என் பிள்ளை மட்டும் ஏன் மாடி ஏற வேண்டும்

முரளி: அம்மா விடு

ராஜி அத்தை: வெயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு. தங்கச்சி மகன் என்றால் இளக்காரம்

கவிதா: அத்தை, அவன்தான் உயரம். வினோத் கையை நீட்டினால் கம்பி எட்டாது. வேறு ஒன்றும் இல்லை.

வினோத்: இப்போதும் எட்டாது

ராஜி அத்தை: அதெல்லாம் எனக்குத் தெரியும்

செந்தில்: முரளி, இப்போதாவது பாரேன். ஒன்றரை நிமிஷம்கூட இருக்காது.

முரளி: வேண்டாம் அண்ணா. எனக்கு அந்தப் பாட்டு என்றால் தண்ணீர்த் தொட்டியும் அதன் விளிம்பில் இரண்டு காக்காவும்தான். மௌக்லி வந்தால் குழம்பிவிடும்.

பானு: சரி, அப்போது பாடுகிறாயா இல்லையா

முரளி: மாமா என்ன சொல்வார் என்று தெரியாமல் எப்படி

கவிதா: நாளைக் காலை காபி கொடுக்கும்போது சும்மா முணுமுணுத்துப் பார்க்கிறேன். கட்டைவிரல் ஆடினால் சொல்கிறேன்.

வினோத்: ஆடாவிட்டால் பூச்சட்டி என்று சொல்லிவிடு

ராஜி அத்தை: (குரல் செய்தி, 3 நிமிடம் 12 வினாடி)

வினோத்: யாராவது கேட்டுச் சொல்லுங்கள்

பானு: முதல் நிமிஷம் திருக்கடையூர். இரண்டாவது நிமிஷம் முரளிக்கு அப்போது வந்த அம்மை. கடைசியில் முரளி பாடினால் பட்டு வேட்டி அத்தையே எடுத்துத் தருவார்களாம்

கவிதா: நல்லது. அப்புறம் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று நாளைக்குள் சொல்ல வேண்டும். போன வாரமே கேட்டேன், மூன்று பேர்தான் பதில் போட்டிருக்கிறீர்கள்.

செந்தில்: நாங்கள் 4. பாட்டுக்கு முன்னால் அதன் வரலாற்றை நான் ஐந்து நிமிஷம் பேசலாமா?

வினோத்: நாங்கள் 5. வேண்டாம்