கீழத்தெரு படிப்பகம் வாட்ஸ்அப் குழு: ஜூன் 16 நோட்டீஸ்

சலீம்: பிரஸ்ஸில் நாளை மதியத்துக்குள் மேட்டர் கேட்கிறார்கள். ஜூன் 16 மருது அறிக்கை நாள் கூட்டத்துக்கு நோட்டீஸ் ஒன்றா, மூன்றா? இப்போதே சொல்லிவிடுங்கள்.

அந்தோணி: 16 வேண்டாம். 14 ராத்திரியோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. எல்லாரும் கடலுக்குப் போகிற நேரம்.

முனியசாமி: ஐஸுக்கே இன்னும் சொல்லவில்லை.

மேரி அக்கா: போன வருஷம் பள்ளிவாசலுக்கு ஒன்று, சர்ச்சுக்கு ஒன்று, அம்மன் கோயிலுக்கு ஒன்று என்று அடித்து மூன்றிலும் மூன்று நேரம் போட்டார்கள். கோயில் பக்கத்து ஆட்கள் வரும்போது நாங்கள் நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தோம்.

முனியசாமி: மூன்றில் ஒன்றிலும் எங்கள் அப்பா பெயர் இல்லை. இடம் கொடுத்த மனிதர்.

சலீம்: அண்ணே, அது போன வருஷம்.

முனியசாமி: எனக்கு இன்னும் ஆறவில்லை.

ராசு சார்: தேதியை மாற்றச் சொல்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். 1801 ஜூன் 16-இல்தான் மருது சகோதரர்களின் அறிக்கை திருச்சியில் வெளியானது. கோட்டைக்குள் ஆற்காடு நவாப் அரண்மனை வாசலில் ஒட்டினார்கள். ஸ்ரீரங்கம் பெரிய கோயில் மதிலிலும் ஒட்டினார்கள். பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முஸ்லிம்கள் என்று எல்லோரையும் சொல்லிக் கூப்பிட்டார்கள். நவாப் இடம் கொடுத்ததால் ஐரோப்பியர் நாட்டையே எடுத்துக்கொண்டார்கள், நமக்குள் ஒற்றுமை இல்லாததால்தான் இப்படி அடிமையாகக் கிடக்கிறோம் என்று காரணத்தையும் எழுதினார்கள். இதைவிடப் பெரிய விஷயம், கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சம்பளம் வாங்கிய சுபேதார், ஹவில்தார், சிப்பாய் எல்லாரையும் நம் ஆட்களாகவே நினைத்து அழைத்தார்கள். எதிரிப் படையில் நிற்பவனிடமும் பேச வேண்டும் என்று தோன்றியதே, அந்த மனசைத்தான் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஹமீது காக்கா: மாஷா அல்லாஹ்.

அந்தோணி: சார், நீளம்.

ஜெனிபர்: நான் முழுவதும் படித்தேன் சார். யாராவது கிழித்துவிட்டால்?

ராசு சார்: அதற்கும் எழுதியிருக்கிறார்கள் அம்மா. சுவரிலிருந்து எடுப்பவன் பஞ்சமா பாதகம் செய்தவன் ஆவான். எல்லோரும் படித்து நகல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஜெனிபர்: அப்படியென்றால் அன்றைய ஃபார்வர்ட் மெசேஜ்!

மேரி அக்கா: தண்ணி லாரி வந்துவிட்டது. முக்கில் நிற்கிறது.

பாத்திமா ராத்தா: எந்த முக்கு?

மேரி அக்கா: ஐஸ் கம்பெனி முக்கு. ஓடி வாங்க.

சலீம்: நோட்டீஸைச் சொல்லிவிட்டுப் போங்களேன்.

கனி (பினாங்கு): வாய்ஸ் மெசேஜ் 4:10

முனியசாமி: கனி, டைப் பண்ணு. கூரைக்குச் சொன்ன பணத்தைப் பற்றியா?

கனி (பினாங்கு): அது அடுத்த மாதம் மச்சான். நான் சொன்னது வேறு. 1943-இல் நேதாஜி சிங்கப்பூரில் இந்துஸ்தானியில் பேசினார். மேடையிலேயே தமிழில் திருப்பிச் சொன்னார்கள். இங்கே மலேயா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்களில் நம் ராமநாதபுரம், சிவகங்கைச் சனம் ஏராளம். தமிழில் சொன்னதால்தான் அது அவர்களுக்கும் சொந்தச் சண்டை ஆனது. தோட்டத்துப் பெண்களே ஜான்சி ராணி படையில் துப்பாக்கி தூக்கினார்கள். அதையும் கூட்டத்தில் யாராவது பேசுங்கள்.

ராசு சார்: அருமை கனி. நீயே வீடியோவில் பேசு.

ஹமீது காக்கா: அவ்வளவு தூரம் எதற்கு? நம் திருவாடானை. 1942 ஆகஸ்டில் சனம் திரண்டு போய் சப்ஜெயிலை உடைத்து விடுதலைப் போராட்டக்காரர் சின்ன அண்ணாமலையை வெளியே கூட்டிவந்தது. போன் ஏது, வாட்ஸ்அப் ஏது. வாய்ப்பேச்சாகவே ஊர் ஊராகப் போன சேதி.

பாத்திமா ராத்தா: லாரி போய்விட்டது. எனக்கு ரெண்டு குடம்தான் கிடைத்தது.

முனியசாமி: சரி, நோட்டீஸில் யார் பெயர் முதலில்?

ராசு சார்: யார் பெயரும் வேண்டாம். ‘கீழத்தெரு மக்கள்’ போதும்.

முனியசாமி: அப்போது அப்பா?

மேரி அக்கா: இடம் என்று போடுகிற வரியில் அவர் கொடுத்த இடம் என்று போடுங்கள். நியாயம்தானே?

சலீம்: ராசு சார்?

ராசு சார்: யோசிக்கலாம். ஆனால் நேரம் ஒன்றாக இருக்கட்டும், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1800-இல் விருப்பாச்சி கோபால நாயக்கர், மலபாரில் கேரளவர்மா, மைசூர்ப் பக்கம் கிருஷ்ணப்ப நாயக்கர், தக்காணத்தில் தூந்தாஜி வாக், சிவகங்கையில் மருதுகள் எல்லாரும் தூது அனுப்பிப் பேசி வைத்துக்கொண்டார்கள். தமிழ், மலையாளம், கன்னடம், மராத்தி என்று நாலு பாஷைக்காரர்கள். தூதர்கள்தான் பாலம். அந்த ஜூனில் கோயம்புத்தூரில் கம்பெனிப் படையை அடிக்கத் திட்டம். பேசிவைத்தபடி எல்லாப் படையும் வந்து சேரவில்லை. தோற்றார்கள், பிடிபட்டவர்களைக் கம்பெனி தூக்கில் போட்டது. மறு வருஷம் அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருதுகளையும் தூக்கிலிட்டார்கள். சேதி ஒழுங்காகப் போகாவிட்டால் உயிர் போகும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்தோணி: ரொம்ப வருத்தமாக இருக்கிறது சார். ஆனாலும் 16 சாயங்காலம் எல்லாரும் அசந்து தூங்குவார்கள்.

மேரி அக்கா: காலையில் வையுங்களேன். 15 போன போட்டெல்லாம் 16 விடியக்காலம் கரைக்கு வந்துவிடும். ஏலம் போடுகிற இடத்தில் ஊரே நிற்கும். கருவாட்டுக்காரிகள் நாங்களும் அங்கேதான் இருப்போம்.

முனியசாமி: ஏலத்தில் மைக் போட்டால் வியாபாரி சண்டைக்கு வருவான்.

மேரி அக்கா: ஏலம் முடிந்து.

அந்தோணி: 9 மணி?

ஹமீது காக்கா: 10 மணி.

ஜெனிபர்: சார், ஒரு சந்தேகம். அந்த அறிக்கை எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது என்றீர்கள். ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒடியாப் பையன்களும் கீழத்தெருவில்தானே குடியிருக்கிறார்கள்? அவர்களை யார் கூப்பிடுவது?

முனியசாமி: அவர்களுக்கு எதற்கு?

ஜெனிபர்: அவர்களுக்கும் இந்தக் கதை தெரியும் மாமா. ஒரு அண்ணன் என்னிடம் சொன்னார், 1817-இல் ஒடிசாவின் குர்தாவில் பைக்கா வீரர்கள் கம்பெனியை எதிர்த்து எழுந்தார்களாம். தலைவர் பக்ஷி ஜகபந்து. உப்புக்குக் கம்பெனி விலையை ஏற்றிவிட்டதும் நிலம் போனதும் காரணமாம். நம் சண்டை முடிந்து பதினாறு வருஷத்தில் அங்கே.

ராசு சார்: ஜெனிபர், அந்தப் பையனையும் பேச வை. ஒடியாவிலேயே பேசட்டும். நீ தமிழில் சொல். அவர்களை விட்டுவிட்டு ஒரே நோட்டீஸ் என்று நாம் சொன்னால் அதில் அர்த்தமே இல்லை.

ஹமீது காக்கா: நல்லது. சாயா என் பொறுப்பு.

முனியசாமி: சரி, பையன்கள் வரட்டும். அப்பா பெயரை மறக்காதீர்கள்.

பாத்திமா ராத்தா: கச்சான் காற்றில் போன முறை ஒட்டின நோட்டீஸ் ராத்திரியே பிய்ந்து கடற்கரையில் கிடந்தது. பசையைக் கெட்டியாகக் காய்ச்சுங்கள். மைதாவோடு கொஞ்சம் துத்தம் போட்டால் பூச்சியும் அரிக்காது.

சலீம்: ஆக, நோட்டீஸ் ஒன்று, தேதி 16. நேரம் 9-ஆ 10-ஆ?

அந்தோணி: மீன்பாடு எப்படி என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சலீம்: அண்ணே, நோட்டீஸில் அப்படியா போடுவது?

ஜெனிபர்: அந்த அண்ணன் ஒடியாவில் நாலு வரி எழுதித் தந்துவிட்டார். படம் அனுப்பியிருக்கிறேன். பிரஸ்ஸில் அந்த எழுத்து இருக்குமா?

சலீம்: கேட்கிறேன். இல்லாவிட்டால் அவர் கையெழுத்தையே படமாக எடுத்துக் கீழே போடச் சொல்கிறேன்.